மூச்சை எண்ண ஒரு நிமிடம்: செவிலியருக்கு அரசு வேலையா, தனியாரா, வெளிநாடா?

நோயாளியின் மூச்சை எண்ணும்போது அது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். முதலாமாண்டு மாணவிக்குச் சொல்லித்தரும் பாடம் இது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல் கெடப்போகிறது என்பதை ரத்த அழுத்தம் சொல்வதற்கு முன்பே பல நேரம் மூச்சு சொல்லிவிடும். ஆனாலும் எத்தனையோ வார்டுகளில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லாப் படுக்கைக்கும் 20 என்றே எழுதியிருக்கும். எழுதிய சிஸ்டரைச் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக வார்டில் நிற்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த கையோடு வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அரசு வேலைக்குப் படிக்கட்டுமா, தனியாரில் சேரட்டுமா, வெளிநாடு போகட்டுமா?" மூன்றையும் சம்பளத்தை வைத்தே எடை போடுகிறார்கள். நான் அந்த ஒரு நிமிடத்தை வைத்து எடை போடச் சொல்கிறேன். பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. இந்த அளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் ஓர் இடத்தைப் பற்றி நான் முதலில் விசாரிப்பது.

தனியாரிலிருந்தே தொடங்குகிறேன், நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. இரவு ஒன்பதுக்கு மேல் மாடி முழுவதற்கும் நான் ஒருத்தி, பதினெட்டுப் படுக்கை. குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் ஒரு பெரியவர் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே படுத்திருந்தார். ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டது. அதற்குள் அடுத்த அறையில் ட்ரிப்ஸ் தீர்ந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள், ஓடினேன். திரும்பி வந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணியபோது 34. டாக்டரை எழுப்பினேன், விடிவதற்குள் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று மாலையிலிருந்து அவருடைய சார்ட்டில் மூன்று இடத்தில் 20 என்று இருந்தது. மூன்றும் என் கையெழுத்து. இன்று வரை அது என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய நர்சிங் ஹோமில் முதல் வேலையைத் தொடங்காதீர்கள். தவறு செய்தால் திருத்த ஒரு மூத்த சிஸ்டர் அங்கே இருக்க மாட்டார். இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள, முறையான ஐ.சி.யு. வைத்திருக்கும் தனியார் மருத்துவமனை வேறு உலகம். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே செலுத்த வேண்டும் என்ற ஒழுங்கு, டூட்டி மாறும்போது ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று விவரம் சொல்லி ஒப்படைக்கும் வழக்கம், வென்டிலேட்டரைக் கையாளும் பயிற்சி எல்லாம் அங்கே கிடைக்கும். கை பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

குறை சம்பளத்தில். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும், இருநூறு படுக்கையைத் தாண்டினால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே பல இடங்களில் நிற்கிறது. இன்னொன்று, இரண்டு ஆண்டு பாண்ட் என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம். என்னுடையதை ஓரிடத்திலிருந்து மீட்க எட்டு மாதம் அலைந்தேன். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

அரசு வேலை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலரும். ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எம்.ஆர்.பி. தேர்வில் வென்றவுடன் கிடைப்பது பெரும்பாலும் தொகுப்பூதியம், அதாவது மாதம் ஒரே தொகை; நிரந்தர ஊழியருக்கான காலமுறை ஊதியம் அல்ல. 2015-இல் தேர்வானவர்கள் மாதம் 7,700 ரூபாயில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் காத்திருந்து, 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஊதியம் 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. நிரந்தரம் மூப்பு வரிசைப்படி, இடம் காலியாகக் காலியாக. எத்தனை ஆண்டு ஆகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

படுக்கைக் கணக்கில் அரசு மருத்துவமனைதான் மூன்றிலும் கடினம். பொது வார்டில் நாற்பது பேரை ஒருவர் பார்க்கும் இரவு அங்கே புதிதல்ல. அதே நேரம் பாம்புக்கடி, விஷம் குடித்தவர், தீக்காயம், வலிப்போடு வரும் கர்ப்பிணி என ஓராண்டில் அங்கே பார்ப்பதை வேறெங்கும் பத்தாண்டில் பார்க்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டால் பிரசவம் உங்கள் கையில்தான். காசில்லாதவர்கள் கடைசியாக வந்து நிற்கும் வாசல் அது. நிரந்தரமாகிவிட்டால் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு, ஊரோடு இருக்கலாம், ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் விட்டுப் போக முடியாதவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தகும் என்றே நினைக்கிறேன்.

வளைகுடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம், கணினித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு. கடன் அடைக்க வேண்டிய குடும்பத்துக்கு அதுவே சீக்கிர வழி. ஏஜென்ட் கேட்கும் லட்சங்களைக் கொடுக்காதீர்கள். வளைகுடா நாடுகள் பலவற்றுக்கும் அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகவே செவிலியரை அனுப்ப வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி வகுத்தது. தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு. ஆளெடுப்பு முன்பிருந்த வேகத்தில் இப்போது இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் அங்கே போன என் மாணவி சொன்ன ஒன்று என் மனதில் தைத்தது. அங்குள்ள எச்சரிக்கை மதிப்பெண் அட்டையில் முதல் வரியே மூச்சு எண்ணிக்கைதான். மதிப்பெண் ஏற ஏற ஆபத்து என்று பொருள்; மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே மூன்று மதிப்பெண். உடனே டாக்டரை அழைத்தாக வேண்டும். எனக்கு அன்றிரவு தேவைப்பட்டது அந்த அட்டைதான், அதை நிரப்ப ஒரு நிமிடமும்.

ஜெர்மனி போகிறவர்களுக்கு அதிர்ச்சி வேறு விதம். ஜெர்மன் மொழி பி2 என்ற மேல்நிலைத் தேர்ச்சிக்கு வராமல் செவிலியராக முழு அங்கீகாரம் கிடைக்காது, அதுவரை உதவியாளர்தான். நம் ஊரில் உடம்பு துடைப்பதும் சோறு ஊட்டுவதும் உடனிருக்கும் உறவினர் வேலை, ட்ரிப்ஸ் ஏற்றுவது நம் வேலை. அங்கே பல இடங்களில் நரம்பில் ஊசி போடுவது டாக்டர், குளிப்பாட்டுவது செவிலியர். "இதற்கா நான்கு ஆண்டு படித்தேன்?" என்று அழுதுகொண்டு போன் செய்தவர்கள் உண்டு. நான் அதைத் தாழ்வாக நினைக்கவில்லை. முதுகைத் துடைக்கும் கைதான் படுக்கைப்புண்ணை முதலில் கண்டுபிடிக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டு போவது வேறு, போய்த் தெரிந்துகொள்வது வேறு.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு ஆண்டு பெரிய தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு. அங்கிருந்தபடியே எம்.ஆர்.பி. தேர்வை எழுதுங்கள், விருப்பமிருந்தால் மொழியும் படியுங்கள். எங்கே சேர்வதானாலும், நேர்காணலுக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கு அந்த மருத்துவமனை வாசல் டீக்கடையில் போய் நில்லுங்கள். நைட் டூட்டி முடித்த சிஸ்டர்கள் கண் சிவக்க வருவார்கள். ஒருவரிடம் கேளுங்கள்: "அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?"