ஆர்வி பயணத்தில் நெட்: டவரா, டிஷ்ஷா?

அமெரிக்காவில் ஆர்வி (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) எடுத்துக்கொண்டு கிளம்பும் நம்மவர்களில் பாதிப் பேர் லீவ் போடுவதில்லை. காலையில் மீட்டிங், மதியத்துக்கு மேல் மலையேற்றம் என்றுதான் திட்டம். அதனால் வண்டியில் எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கும் முன்பே நெட் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இருக்கும் வழிகள் மூன்று: கேம்ப்கிரவுண்ட் (வண்டியை நிறுத்தித் தங்கும் மைதானம்) வைஃபை, செல்போன், டிஷ் வைத்துச் செயற்கைக்கோளிலிருந்து நெட் எடுக்கும் ஸ்டார்லிங்க்.

முதலாவதை இப்போதே கழித்துவிடலாம். ஒரே இணைப்பை அங்கே நிற்கும் அத்தனை வண்டிகளும் பங்கு போடும். சாயங்காலம் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டால் மெயில்கூடத் திறக்காது. ஏர்ஸ்ட்ரீம் மாதிரி அலுமினிய உடம்பு வண்டி என்றால், வருகிற கொஞ்சநஞ்ச சிக்னலும் வெளியிலேயே நின்றுவிடும். 'இலவச வைஃபை' என்று போட்டிருந்தால் வாட்ஸ்அப் பார்க்கலாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, போட்டி டவருக்கும் டிஷ்ஷுக்கும்தான். பலரும் வேகத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள். போகிற இடம் தெரியாமல் வேகத்தைப் பேசிப் பயனில்லை. போனுக்கு மலை ஆகாது. டிஷ்ஷுக்கு மரம் ஆகாது.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். மம்மத், ஓல்ட் ஃபெய்த்ஃபுல், கேன்யன் மாதிரி ஆள் நடமாட்டமுள்ள சில இடங்களில்தான் டவர் எட்டும். நடுவில் நீண்ட தூரத்துக்கு ஒன்றும் கிடையாது. யூட்டா, நெவாடா பாலைவனங்களிலும் இதே கதி. அங்கே பிஎல்எம் எனும் மத்திய அரசுத் துறையின் நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம், சுற்றிலும் திறந்த வானம். ஸ்டார்லிங்க் தன் வேலையைக் காட்டும் இடம் அதுதான். அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய வகை சாட்டிலைட் நெட்டின் தாமதம் இதில் இல்லை. வீடியோ அழைப்பே தாராளமாகப் பேசலாம்.

அதே டிஷ்ஷை வடக்குக் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காட்டுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருக்கும். 300 அடி மரத்துக்குப் பின்னால் அது மறையும் நேரமெல்லாம் இணைப்பு அறுந்து அறுந்து வரும். படம் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மீட்டிங்கில் இருப்பவர்தான் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்! வண்டியை நிழலில் விட்டுவிட்டு, கூட வரும் 15 மீட்டர் கேபிள் எட்டும் தூரத்தில் வெட்டவெளி இருந்தால் டிஷ்ஷை அங்கே வைக்கலாம். வைக்கும் முன் ஸ்டார்லிங்க் செயலியைத் திறந்து போன் கேமராவை வானத்தைச் சுற்றிக் காட்டினால், எந்தப் பக்கம் மறைக்கிறது என்று சொல்லிவிடும்.

அப்புறம் கரண்ட் கணக்கு. வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். பத்து மணி நேரம் ஓடினால் குறைந்தது 750 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. 2024இல் வந்த சின்ன டிஷ்ஷான ஸ்டார்லிங்க் மினிக்கு 25 முதல் 40 வாட் போதும், 12 வோல்ட்டிலேயே நேராக ஓடும். ஹூக்கப் (வண்டிக்குக் கரண்ட், தண்ணீர் தரும் இணைப்பு) இல்லாத இடத்தில் தங்குவதாக இருந்தால் மினியைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன்.

செல்போனுக்கு வருவோம். குடும்பம் மொத்தமும் ஒரே ஃபேமிலி பிளானில் இருப்பதுதான் இங்கே சிக்கல். ஒரு போனில் டவர் போனால் நாலு போனிலும் சேர்ந்து போகும். வீட்டில் டி-மொபைல் என்றால், வெரைசன் நெட்வொர்க்கில் ஓடும் விசிபிள் மாதிரி ஒன்றை இ-சிம்மாக ஒரு மாதத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'அன்லிமிடெட்' என்பதை நம்பி லேப்டாப்பை இணைத்துவிடாதீர்கள். ஹாட்ஸ்பாட்டுக்குப் பெரும்பாலும் தனி அளவு உண்டு, அது தீர்ந்தால் வேகம் தவழும்.

சிக்னல் பூஸ்டருக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இளைத்த சிக்னலை அது தூக்கிவிடும், சரி. சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கில் அது எதைத் தூக்கும்? அரிசோனாவின் குவார்ட்சைட்டில் ஜனவரியில் ஆர்விகள் கூட்டம் கூட்டமாக வந்து குவியும்போது, போனில் கோடுகள் முழுசாக இருந்தும் டேட்டா நகராது. அது நெரிசல். அதற்கும் பூஸ்டர் உதவாது.

ஒரு வாரத்துக்கு வாடகை வண்டி, ஊர்களை ஒட்டிய கேம்ப்கிரவுண்ட் என்றால் இரண்டு நெட்வொர்க் இ-சிம்மே போதும். டிஷ் தண்டச் செலவு. மேற்கு மாநிலங்களில் மாதக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டே சுற்றுபவர்கள் மினியும் வாங்கி, போனையும் வைத்துக்கொள்ள வேண்டும். கிழக்கே அப்பலேச்சியன் பக்கம் அடர்ந்த காடும் உண்டு, மலையும் உண்டு. அங்கே போகிறவர்கள் இடம் புக் செய்யும் முன்பே கேம்பெண்டியம் என்ற முகாம் இட விமர்சனத் தளத்தில் மற்றவர்கள் எழுதியிருக்கும் சிக்னல் விவரத்தைப் படித்துவிடுங்கள். டிஷ் எடுத்துப் போவதாக இருந்தால் அந்த இடத்தின் படத்தில் வடக்குப் பக்கம் மரம் நிற்கிறதா என்றும் பாருங்கள்; அமெரிக்காவில் டிஷ் பெரும்பாலும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சாயும்.