ஈப்பர் போர்க்களச் சுற்றுலா: வேனை விட சைக்கிள் மேல்

பெல்ஜியத்தில் முதல் உலகப் போர் நடந்த ஈப்பர் பக்கம் போனால் அரை நாள் வேன் சுற்றுலா எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் எடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வண்டி சுத்தம், நேரத்துக்குக் கிளம்பினார்கள், அதிலெல்லாம் குறை இல்லை. எசெக்ஸ் ஃபார்ம் போர்வீரர் கல்லறையில் கால் மணி நேரம்தான் கொடுத்தார்கள், எரிச்சல் அதில்தான்.

அதிலும் பாதி நேரம் மருத்துவ பங்கருக்குள் வரிசையாக நுழைந்து போட்டோ எடுப்பதிலேயே போய்விட்டது. கனடா மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதம், போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமாகிவிட்ட சிவப்பு பாப்பிப் பூ வரும் கவிதையை ("இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்") எழுதிய இடம், அதனால் கூட்டம். (அவர் இருந்தபோது வெறும் மண் குழிதான், இந்த கான்கிரீட் பிறகு கட்டியது. வழிகாட்டி அதைச் சொல்லவே இல்லை.)

அப்புறம்தான் வாலன்டைன் ஜோ ஸ்ட்ரட்விக்கின் கல். இங்கிலாந்தில் டார்கிங் ஊர்ப் பையன், பிறந்தது 1900 பிப்ரவரி 14, பெயர்க் காரணம் அதுதான் போல. படையில் சேர 18 வயது, கடல் கடந்து போர்முனைக்குப் போக 19 என்று விதி இருந்த காலத்தில் 14 வயதில் சேர்ந்திருக்கிறான். நச்சுவாயுவில் அடிபட்டு ஊருக்கு அனுப்பப்பட்டு, தேறி, மறுபடி இங்கேயே வந்து, 1916 ஜனவரி 14 அன்று இறந்துபோனான். 16 வயதாக ஒரு மாதம் பாக்கி. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அந்த மாதக் கடைசியில்தான் வந்தது, ஆக இவனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

"போரில் இறந்தவர்களிலேயே இளையவன்" என்றார் வழிகாட்டி. தப்பு. இதே பக்கத்தில் பூல்கப்பெல்லெ கல்லறையில் ஜான் காண்டன் என்ற இன்னொரு சிப்பாயின் கல்லில் வயது 14 என்று இருக்கிறது, அந்த வயதைப் பற்றியே சண்டை நடக்கிறது என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை சைக்கிள் வாடகைக்கு எடுத்துக் கால்வாய் ஓரமாகத் தனியாகப் போனேன், சில கிலோமீட்டர்தான், மேடு பள்ளம் கிடையாது, நுழைவுக் கட்டணமும் இல்லை. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஒரே மாதிரிக் கல் என்பதால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் ஸ்ட்ரட்விக்கின் கல் முன்னால் மட்டும் சின்னச் சின்ன மரச் சிலுவைகளும் காகித பாப்பிகளும் குவிந்து கிடந்தன. அதற்கு அடியில் மறைந்திருந்த "வயது 15" என்பதைக் கொஞ்சம் விலக்கிவிட்டுத்தான் படிக்க முடிந்தது. முந்தைய நாள் எட்டுப் பேர் தலைக்குப் பின்னால் நின்றவனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. நேரம் இருந்ததால் பக்கத்து வரிசைகளையும் படித்தேன். 19, 20, 22, வயதே எழுதாதவையும் நிறைய. அங்கே யாரும் பூ வைக்கவில்லை.

வேனுக்கு 5-க்கு 2. வழிகாட்டி நல்ல மனிதர்தான், பாவம், அவர் கண் முழுக்க வாட்ச் மேல்.