நாகர்கோவிலில் வாங்கிய மைக்ராஸ்கோப்பில் பார் பாடி தெரிகிறதா?

பிளஸ் டூ படிக்கிற மகளுக்காக மணிமேடைப் பக்கம் ஒரு லேப் சாமான் கடையில் பைனாகுலர் மைக்ராஸ்கோப் வாங்கினோம், விலை 12,000 ரூபாய்க்குச் சற்று மேல். வெங்காயத் தோலை எந்த மைக்ராஸ்கோப்பும் காட்டிவிடும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் பார்க்க நினைத்தது பார் பாடி (Barr body), அதாவது பெண்களின் செல்லில் முடங்கி இறுகிக் கிடக்கும் ஒரு எக்ஸ் குரோமோசோம்.

பெண்களின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. கரு வளரத் தொடங்கிய சில நாட்களிலேயே அதில் ஒன்றை எக்ஸிஸ்ட் என்ற ஜீன் அடக்கிவிடுகிறது. புரதம் எதுவும் தராத ஜீன் இது. இதிலிருந்து வரும் ஆர்என்ஏ நியூக்ளியஸை விட்டு வெளியே போகாமல், தான் பிறந்த அதே குரோமோசோம் மேல் படர்ந்து, அதை முடக்கும் புரதங்களைக் கூட்டிவர, குரோமோசோம் இறுகிப்போய் பெரும்பாலும் நியூக்ளியஸ் சவ்வை ஒட்டி ஒதுங்கிவிடும். 1949-ல் மர்ரே பார், பெர்ட்ராம் என்ற விஞ்ஞானிகள் பெண் பூனையின் நரம்பு செல்லில் பார்த்தது இதைத்தான், எக்ஸிஸ்ட் ஜீன் தெரியவந்ததோ 1991-ல்.

மகளின் உள்கன்னத்தை மெதுவாகச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, அசிட்டோ ஆர்சின் சாயம் போட்டு, 100எக்ஸ் லென்சில் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். எல்லா செல்லிலும் தெரியாது, பொறுமையாக நகர்த்தித் தேட வேண்டும். ஒரு செல்லில் நியூக்ளியஸின் ஓரத்தில் அழுத்தமாக ஒட்டிய கரும்புள்ளி கிடைத்ததும் அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்! அவள் தம்பியின் செல்லில் தேடினோம், இல்லை. ஒரு ஜீன் ஒரு முழு குரோமோசோமை எங்கே, எப்படி வைக்கிறது என்பதை வீட்டு மேசையிலேயே பார்த்துவிட முடிகிறதே, அந்த சந்தோஷத்துக்கே கொடுத்த காசு தகும்.

25எக்ஸ் ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சேர்த்து வாங்கினால் 2500 மடங்கு தெரியும் என்று கடையில் சொன்னார்கள். வேண்டாம். ஒளி மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய 0.2 மைக்ரான் வரைதான், அதற்கு மேல் படம் பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது. சிடிசிஎஃப் என்ற புரதமும் கொஹீசின் என்ற புரத வளையமும் சேர்ந்து டிஎன்ஏவில் போடும் மடிப்புகளை இதில் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

குறை என்றால், ஸ்லைடை நகர்த்தும் திருகு லூஸ், கடையில் மாற்றித்தர இழுத்தடிக்கிறார்கள். நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, லென்சில் பூஞ்சை பிடித்துவிடும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். எண்ணெயையும் அன்றன்றே துடைத்துவிட வேண்டும்.