கிங் கவுண்டியில் குப்பைக்குக் கட்டும் பணம்: ஒரு குடியிருப்பாளரின் அனுபவம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் பலரும் முதல் பில் வந்ததும் கேட்பது இதைத்தான்: "வீட்டு வரியே இவ்வளவு கட்டுகிறோம், குப்பைக்குத் தனியாக எதற்கு?" பல வருடங்களாக அந்தப் பில்லைக் கட்டி வருகிறேன். என்னைக் கேட்டால், தனியாக வருவதுதான் நல்லது.

இந்த ஊர்களெல்லாம் அடங்கிய மாவட்டமான கிங் கவுண்டியின் குப்பைத் துறை பெரும்பாலும் வரிப் பணத்தில் ஓடவில்லை. நம் தெருவுக்கு வரும் லாரி, கவுண்டியின் டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனில் (கிடங்குக்கு அனுப்பும் முன் குப்பையைச் சேர்க்கும் இடம்) எடை போட்டுக் குப்பையைக் கொட்டுகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று அங்கே கட்டும் தொகை நம் பில்லுக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பணத்தில்தான் ஸ்டேஷன்களும், மேப்பிள் வேலி அருகே 1960களில் தொடங்கிய சீடர் ஹில்ஸ் குப்பைக் கிடங்கும் நடக்கின்றன. சியாட்டில் நகரம் மட்டும் தனி ஏற்பாடு. அதன் குப்பை ரயிலேறிப் பக்கத்து மாநிலமான ஆரிகனுக்குப் போகிறது.

வீட்டில் நமக்கு நேரடியாகத் தெரிவது தொட்டியின் அளவு. பெரிய தொட்டி என்றால் கட்டணம் அதிகம், சிறியது என்றால் குறைவு. சாப்பாட்டுக் கழிவை உரமாக்கப் போகும் பச்சைத் தொட்டிக்கு மாற்றிய பிறகு எங்களுக்குச் சிறிய தொட்டியே போதுமானதாக இருக்கிறது. தினமும் சமைக்கும் வீட்டில் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான் கனம். சீடர் ஹில்ஸுக்குப் போவதில் சுமார் 70 சதவீதம் மறுசுழற்சி செய்யவோ உரமாக்கவோ கூடியது என்று கவுண்டியே சொல்கிறது. எங்கள் தொட்டியைப் பார்த்தவரையில் நம்பக்கூடிய கணக்குதான். ஒரே குறை, பனி கொட்டும் வாரங்களில் லாரி வராது, போன் போட்டால் சரியான பதிலும் கிடைக்காது.

பழைய சோபா, உடைந்த அலமாரி என்றால் ஃபேக்டோரியா ஸ்டேஷனுக்கு நாமே கொண்டுபோகலாம். 2017இல் புதிதாகக் கட்டியது, சுத்தமாக இருக்கும். உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை, வித்தியாசத்துக்குக் காசு. கொஞ்சமாகக் கொண்டுபோனாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. வண்டியில் சாமானைக் கட்டாமல் போனால் தனி அபராதம். பூச்சிமருந்து, ரசாயனம் போன்றவற்றை வீட்டுக்காரர்களிடம் அங்கே இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கான சிறு கட்டணம் ஏற்கெனவே நம் பில்களில் சேர்ந்திருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஸ்டேஷன் கட்டணத்தில் தள்ளுபடி இருக்கிறது, தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டில் என்னை உறுத்துவது ஒன்று. வருமானம் எடையிலிருந்து வருகிறது. மக்கள் குப்பையைக் குறைக்கக் குறைக்கத் துறையின் கையில் காசும் குறையும். ஆனால் செலவு அப்படிக் குறையாது. கிடங்கின் அடியில் விரித்த தடுப்பு, அதில் தேங்கும் கழிவுநீர், மேலே கிளம்பும் வாயு எல்லாவற்றையும் கவனித்தாக வேண்டும். (அந்த வாயுவைச் சுத்தப்படுத்தி எரிவாயுக் குழாயில் விடுவதால் கொஞ்சம் வருமானமும் வருகிறது.) கிடங்கை மூடிய பிறகும் 30 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது விதி. அதற்கான பணத்தை இன்று குப்பை கொட்டுகிற நாம்தானே சேர்த்து வைக்க வேண்டும்? அதனால் லாரி நிறுவனங்களிடம் டன் கணக்கோடு ஒரு நிலையான ஆண்டுக் கட்டணமும் வாங்கும் முறைக்குக் கவுண்டி மாறியது சரியான முடிவு. குறைத்துக் கொட்டுகிறவருக்கு இதில் ஆதாயம் கொஞ்சம் குறையும். அப்படியும் அதை ஏற்கிறேன், ஏனென்றால் கிடங்கு நிரம்பும் காலம் தூரத்தில் இல்லை.

2025இல் மாநிலம் கொண்டுவந்த மறுசுழற்சிச் சட்டம் எனக்கு உண்மையான நம்பிக்கை தருகிறது. அட்டை, பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்களே அவற்றைச் சேகரிக்கும் செலவைப் படிப்படியாக ஏற்க வேண்டும். 2018இல் சீனா பழைய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் வாங்கக் கதவடைத்தபோது அந்தச் சுமை நம் போன்றவர்கள் பில்லில்தான் விழுந்தது.

வாடகைக் குடியிருப்புகளில்தான் இந்த முறை தடுமாறுகிறது. அங்கே எல்லோருக்கும் பொதுத் தொட்டி, கட்டணம் வாடகையோடு போகிறது. ஒருவர் பிரித்துப் போட்டாலும் பில் குறையாது, பல கட்டடங்களில் பச்சைத் தொட்டியே கிடையாது. அடுத்த கட்டண உயர்வைப் பேசும்போது, அந்தக் கட்டடங்களுக்கெல்லாம் பச்சைத் தொட்டி வைக்கும் செலவையும் அதில் சேர்க்கட்டும். எங்கள் வீட்டுப் பில் அதனால் சற்றுக் கூடினாலும் கட்டத் தயார்.