பழைய கோவா: பாம் ஜீசஸா, சே கதீட்ரலா?

பழைய கோவாவில் அரை நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் எந்தப் பேராலயத்தில் நிதானமாக நிற்பது என்று திணறுகிறார்கள். பாம் ஜீசஸ், சே கதீட்ரல் இரண்டும் சாலைக்கு எதிரெதிரே இருப்பவை. 1986 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை.

வரலாறு
பாம் ஜீசஸ்: இயேசு சபையினர் 1594-இல் தொடங்கினார்கள்; 1605-இல் அர்ச்சிக்கப்பட்டது.
சே: 1562-இல் தொடங்கியது. போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் கோவாவைப் பிடித்த 1510 நவம்பர் 25 புனித கத்தரீனாளின் திருநாள். ஆகவே அந்தப் புனிதையின் பெயரிலேயே ஆலயம்; 'சே' என்றால் போர்த்துகீசியத்தில் கதீட்ரல் என்றே பொருள்.

முகப்பு
பாம் ஜீசஸ்: பூச்சில்லாத செம்புரைக்கல். பூச்சை நீக்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு பருவமழையும் கல்லை அரிக்கிறது.
சே: வெள்ளைப் பூச்சு, ஒற்றைக் கோபுரம். மற்றொன்று 1776-இல் இடிந்தது, திரும்பக் கட்டவில்லை. அந்தக் குறையே அதற்குத் தனி முகத்தைத் தந்துவிட்டது என்பேன்.

உள்ளே
பாம் ஜீசஸ்: முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய புனித சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. கீழே இத்தாலியின் டஸ்கனி கோமான் மூன்றாம் கோசிமோ அளித்த பளிங்குக் கல்லறை, சிற்பி ஃபோஜினியின் கைவேலை. வெண்கலப் பலகைகளை அருகில் போய்ப் பாருங்கள்.
சே: ஆசியாவின் மிகப்பெரிய தேவாலயங்களில் ஒன்று. பொன்முலாம் பீடத்தில் கத்தரீனாளின் வாழ்க்கைக் காட்சிகள்.

கூட்டம்
பாம் ஜீசஸில் எப்போதும் நெரிசல். டிசம்பர் 3 திருநாளில் சொல்லவே வேண்டாம். சே விசாலமானது.

வேண்டுதலும் சிற்பமும் முக்கியமென்றால் பாம் ஜீசஸ். கட்டடக்கலையை அமைதியாக உள்வாங்க விரும்பினால் சே. பத்தாண்டுக்கு ஒருமுறை சவேரியாரின் உடல் சே கதீட்ரலுக்கே பொதுத் தரிசனத்துக்குக் கொண்டுவரப்படும். அப்போது அங்கும் அமைதி கிடைக்காது.