பிரிந்து ஓடுவதா, கூட்டத்தில் பதுங்குவதா? கணவாய்க் காற்றில் ஒரு ரேஸ் கணக்கு

60, 70 கிலோமீட்டர் அமெச்சூர் சைக்கிள் ரோடு ரேஸில் ஜெயிக்க இரண்டு வழிகள்தான். கடைசி 200 மீட்டர் வரை கூட்டத்தின் மறைவில், காற்றுப் படாமல் கிடந்து ஸ்பிரிண்டில் பாய்வது ஒன்று. நாலைந்து பேராகப் பிரிந்து முன்னால் போய், பின்னால் வருபவர்கள் பிடிப்பதற்குள் முடிவுக் கோட்டைத் தொடுவது இன்னொன்று. மலையில் முடியும் ரேஸை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே போய்விடும். அங்கே எடையும் மூச்சும்தான் பேசும், மறைவுக்கு மதிப்பு குறைவு. இங்கே பேசுவது பல்லடம், உடுமலை, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துச் சாலைகளைப் பற்றி.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: ஆனி முதல் ஆவணி வரை நம் ஊரில் நடக்கும் ரேஸ் என்றால் பிரிந்து போவதுதான் சரி.

கூட்டத்தில் காத்திருப்பதன் லாபம் எல்லாருக்கும் தெரிந்ததே. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் ஓடினால் காற்றுக்குக் கொடுக்கும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பத்து விநாடிக்கு 1000 வாட் மிதிக்கிற கால் இருப்பவருக்கு இது நல்ல வழி. கடைசி கிலோமீட்டரில் முதல் எட்டுப் பேருக்குள் இருக்க வேண்டும். எதிர்காற்றில் கோட்டுக்கு 150 மீட்டர் இருக்கும்வரை பொறுக்க வேண்டும், பின்காற்றில் 250லேயே கிளம்பிவிடலாம். இதில் கெடுவது ஒன்றே: பழக்கமில்லாத முப்பது பேர் ஒரே நேரத்தில் இடம் தேடுவார்கள். முன்னவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தன் முன்சக்கரத்தை நுழைத்து வைத்திருப்பவர்தான் முதலில் விழுவார், நாலு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவார்.

இனி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குப் பழமொழி மட்டுமல்ல. விடிகாலை 6 மணிக்கு ரேஸ் கிளம்பும்போது அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏற எழும். ஆகவே ரேஸின் இரண்டாம் பாதிதான் காற்றில் ஓடுவது. திசை பார்க்க மொபைல் வேண்டாம், காற்றாலையைப் பார்த்தால் போதும்: இறக்கைகளின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது.

இப்போது சாலையின் திசையைப் பாருங்கள். பல்லடம்–உடுமலைச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. போகும்போதும் பக்கக்காற்று, வரும்போதும் பக்கக்காற்று. பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னந்தோப்பு ஓரளவு தடுக்கும். பல்லடத்துக்குத் தெற்கேயும் தாராபுரத்துப் பக்கமும் இடுப்பளவுக் கிளுவை வேலிக்கு அப்பால் வெறும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம்; தடுக்க ஒன்றுமில்லை. பக்கக்காற்றில் மறைவு நேர் பின்னால் இருக்காது, பின்னால் ஒரு ஓரமாக இருக்கும். தெற்கு நோக்கிப் போகையில் காற்று வலப்பக்கம், மறைவு இடப்பக்கம். முதல் ஆள் வலமாக ஓட, அடுத்தவர் அவருக்கு இடப்பின்னால், அடுத்தவர் இன்னும் இடமாக என்று சாய்ந்த வரிசை கட்டினால்தான் மறைவு கிடைக்கும். ரேஸுக்கு விட்டிருப்பதோ சாலையின் பாதி, மூன்றரை மீட்டர். அதற்குள் ஐந்து பேர் அடங்குவார்கள். ஆறாவது ஆளுக்குத் தார் முடிந்து மண்; முப்பதாவது ஆள் வரை எல்லாரும் ஓரத்தில் ஒற்றை வரிசையில், ஆளுக்கு ஆள் காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு வருவார்கள்.

முடிவைத் தீர்மானிப்பது இதுதான். நாற்பது பேர் கூட்டம் என்றாலும் பக்கக்காற்றில் அது ஐந்து பேரின் பலத்தில்தான் ஓடுகிறது. முன்னால் போன நாலு பேர் சண்டை போடாமல் மாறி மாறி முன்னால் வந்து இழுத்தால் பலம் கிட்டத்தட்டச் சமம்.

துரத்தலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பிரான்ஸின் டிவி வர்ணனையாளர் ரோபேர் ஷப்பாத் சொன்னது: 10 கிலோமீட்டரில் கூட்டம் 1 நிமிடத்தை மீட்டுவிடும். முன்னவர்கள் 40ல் ஓட, கூட்டம் 43ல் வந்தால் கிலோமீட்டருக்கு ஆறு விநாடி குறையும். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் அது டீம் வைத்துத் துரத்துகிறவர்களுக்கு. நம் ரேஸில் துரத்தும் வேலையை ஆளாளுக்கு அடுத்தவர் தலையில் கட்டுவார்கள். பக்கக்காற்றில் கூட்டம் 41ஐத் தாண்டாவிட்டால் மீட்பது கிலோமீட்டருக்கு இரண்டே சொச்சம் விநாடி. கடைசி 10 கிலோமீட்டருக்கு 30 விநாடி முன்னிலை போதும்.

எங்கே கிளம்புவது? யூ-டர்ன் முடிந்த இடத்தில். முதல் ஆள் திரும்பி வேகம் பிடிக்கும்போது முப்பதாவது ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். நாலாவது ஐந்தாவது இடத்தில் திரும்பி, முதல் ஆளாக இல்லாமல், பின்னாலிருந்து வேகத்தோடு தாண்ட வேண்டும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர் ஓரத்தை ஒட்டிப் பாய்ந்தால் பின்னால் ஒட்ட வருபவருக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு 250 வாட் தாங்குகிற உடம்பு என்றால் 15 விநாடி 600, பிறகு இரண்டு நிமிடம் 300, அதன் பின் சராசரி 235க்கு இறங்கிவிட வேண்டும். பலர் கெடுவது அந்த இரண்டு நிமிடத்தை ஐந்தாக நீட்டித்தான்.

நாலு பேர் சேர்ந்ததும் ஆளுக்கு 20 விநாடி இழுப்பு. விலகுபவர் காற்று வரும் பக்கமாக விலகி மிதியைத் தளர்த்த வேண்டும். முன்னுக்கு வருபவர் வேகத்தைக் கூட்டவே கூடாது. மீட்டரில் 39 இருந்தால் 39தான். உற்சாகத்தில் 42க்கு ஏற்றினால் அப்போதுதான் விலகியவர் கடைசிச் சக்கரத்தில் ஒட்ட முடியாமல் அறுந்துபோவார். நாலு மூன்றாகும், மூன்று பேருக்கு ஓய்வு போதாது.

சாப்பாட்டை யூ-டர்னுக்கு 5 கிலோமீட்டர் முன்பே முடித்துவிட வேண்டும். சாய்ந்த வரிசையில் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க முடியாது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்றால் இரண்டு வாழைப்பழமும் பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரையும் உப்பும். கடலை மிட்டாய் வேண்டாம், மூச்சு வாங்கும்போது தொண்டையில் சிக்கும். 50 மில்லிமீட்டர் உயர ரிம்மை முன்சக்கரத்தில் ஆடியில் போடவே போடாதீர்கள். லாரி கடந்த நொடியில் ஹேண்டிலைப் பிடுங்கும்.

பதுங்குவது சரியாகும் இடமும் உண்டு. உடுமலையிலிருந்து பொள்ளாச்சி நோக்கி மேற்கே முடியும் ரேஸில் முகத்துக்கு நேரே காற்று. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் 30ல் தனியே போக ஏறக்குறைய 270 வாட். மறைவில் வருபவருக்கு 95 வாட் வரை மிச்சம். அதே காற்று முதுகில் இருந்தால் 45ல் போகவே 210தான், மறைவில் மிச்சம் 65. ஆகவே எதிர்காற்றில் முடியும் ரேஸில் கூட்டம், பின்காற்றில் முடிந்தால் மறுபடி பிரிந்தவர்கள். காற்று ஓயும் ஐப்பசியிலும் நல்ல ஸ்பிரிண்ட் இருப்பவர் காத்திருக்கலாம். எழுபது எண்பது பேர் இறங்கும் ரேஸில் துரத்தப் புதிய கால்கள் வந்துகொண்டே இருக்கும். அங்கே என் கணக்கு முழுசாக நிற்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

பிரிந்த நாலு பேருக்குள்ளும் கடைசியில் ஸ்பிரிண்ட் வரும். ஒரு கிலோமீட்டர் இருக்கையில் கடைசிச் சக்கரத்துக்குப் போய்விடுங்கள், ஆனால் கூட்டம் 15 விநாடிக்குள் வந்துவிட்டால் அந்த ஆட்டம் வேண்டாம், கோடு வரை இழுங்கள்.