வீடு மாறும் நேரத்தில் மைஆதார் தளம்: பூட்டு உறுதி, சாவி மட்டும் கவனம்

வாடகை வீடு, கல்யாண மண்டபம், புது வேலை என்று ஒரே மாதத்தில் நாலு இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். பல இடங்களில் 12 இலக்கமும் தேவையே இல்லை. ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து, பதிவிறக்கப் பக்கத்தில் ‘மாஸ்க்டு ஆதார்’ பெட்டியை டிக் செய்தால் முதல் 8 இலக்கம் மறைந்த பிடிஎஃப் கிடைக்கும். மறைவது எண் மட்டும்தான். முகவரி, பிறந்த தேதி, படம் எல்லாம் அப்படியே இருக்கும். பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். தெரிந்தவர் எவரும் ஊகித்துவிடலாம் என்பதால் முழு எண் உள்ள கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிரவுசிங் சென்டரில் எடுத்தால் ரீசைக்கிள் பின் வரை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

இந்தத் தளத்தில் எல்லோரும் பயன்படுத்த வேண்டியது, கைரேகை போன்றவற்றால் ஆதாரைச் சரிபார்ப்பதைத் தடுத்து வைக்கும் பயோமெட்ரிக் பூட்டு. வீடு வாங்கினால் பத்திரத்தில் கைரேகை பதிகிறோம். அப்படிப் பதிந்த ரேகைகளைப் படியெடுத்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்த ஒருவர் 2018-இல் தெலங்கானாவில் பிடிபட்டார். பூட்டிவிட்டால் திருடிய ரேகை எந்தக் கருவியிலும் செல்லாது. உங்கள் ரேகையும் செல்லாது என்பதுதான் சிக்கல். ரேஷன் கடையில் விரல் வைத்தால் 330 என்ற பிழை வருவது இதனால்தான், கருவி பழுதில்லை. தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும். வரிசையில் நிற்கும்போதே திறந்துவிடாமல், உங்கள் முறை வந்ததும் திறங்கள்.

பெரிய குறை, எல்லாமே ஒரு மொபைல் எண்ணில் தொங்குவது. பழைய கம்பெனி கொடுத்த சிம்மைத் திருப்பிக் கொடுத்தால் ஓடிபியும் அதோடு போய்விடும். கைவிட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். எண்ணை மாற்ற இந்தத் தளத்தில் வழியில்லை; பதிவு மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம். ஆகவே பழைய சிம் கையில் இருக்கும்போதே இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

புதுமணத் தம்பதிக்கு ‘குடும்பத் தலைவர்’ வழி முகவரி மாற்றம், அதாவது குடும்பத்தில் ஒருவரின் ஆதார் முகவரியையே தன் ஆதாரிலும் சேர்ப்பது, நல்ல வசதி. உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ தேவையில்லை. ஆனால் தலைவர் தன் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும். கட்டிய பணமும் திரும்பாது.

எல்லாம் முடிந்த பிறகு ‘ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி’யைத் திறந்து பாருங்கள். கடந்த 6 மாதத்தில் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று நேரத்தோடு இருக்கும். நீங்கள் போகாத இடம் ஒன்று தென்பட்டால் உடனே பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டு ஆதார் உதவி எண் 1947-ஐ அழையுங்கள்.